அட்டை சொல்வது யார் என்பதை, எதற்கு என்பதை அன்று: அமெரிக்க அரசு ஊழியரின் விடுதிச் சலுகையும் சொந்தப் பயணமும்

அமெரிக்காவில் பெரிய தங்கும் விடுதி நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் அறை தேடுகிறவர், தேதிகளைக் குறித்தவுடன் பக்கத்திலேயே ‘சிறப்பு விலை’ என்ற சிறு பட்டியலைக் காண்பார். மூத்த குடிமக்கள், வாகன ஓட்டிகள் சங்க உறுப்பினர்கள் ஆகியோரோடு ‘அரசு மற்றும் இராணுவம்’ என்ற வரியும் அதில் இருக்கும். மாரியட், ஹில்டன், ஐ.எச்.ஜி., ஹயாட் என எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் ஏதோ ஒரு வடிவில் இந்த வரி உண்டு. வரித்துறையிலோ தேசியப் பூங்காவிலோ வேலை பார்க்கும் ஒருவர், பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காகக் கடற்கரை ஊர் ஒன்றில் மூன்று இரவுகள் தங்கத் திட்டமிட்டு, அந்த வரியை அழுத்திப் பார்க்கிறார். வாடகை கணிசமாகக் குறைகிறது. இதை எடுத்துக்கொள்ளலாமா என்று உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டால், ஒருவர் “அடையாள அட்டை கையில் இருக்கிறதே, தாராளமாக எடுங்கள்” என்பார். இன்னொருவர் “வேலைக்கே உலை வைத்துவிடும், தொடாதீர்கள்” என்று எச்சரிப்பார். இரண்டு பதில்களும் தவறானவை. ‘அரசு விலை’ என்ற ஒரே பெயருக்குள், வெவ்வேறு காரணங்களால் பிறந்த வெவ்வேறு விலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

முதல் வகை விலையின் வேர் தினப்படியில் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் ஊழியர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றால், ஓர் இரவு தங்குவதற்கு இவ்வளவு, உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் இவ்வளவு என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டியுள்ள 48 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் இதைப் பொதுச் சேவைகள் நிர்வாகம் (ஜி.எஸ்.ஏ.) ஒவ்வொரு நிதியாண்டுக்கும், அதாவது அக்டோபர் 1 முதல், நிர்ணயிக்கிறது. அலாஸ்கா, ஹவாய், கடல் கடந்த ஆட்சிப்பகுதிகள் ஆகியவற்றுக்குப் பாதுகாப்புத் துறையும், வெளிநாடுகளுக்கு வெளியுறவுத் துறையும் நிர்ணயிக்கின்றன. 2025 நிதியாண்டில் பொதுவான தங்கும் வரம்பு இரவுக்கு 110 டாலர், உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் நாளுக்கு 68 டாலர். செலவு மிகுந்த நகரங்களுக்குத் தனித்தனி வரம்புகள் உண்டு, வாஷிங்டன் போன்ற இடங்களில் அவை பருவத்துக்குப் பருவம் மாறவும் செய்யும். ஒரு வட்டாரத்தின் நடுத்தர விலை விடுதிகள் முந்தைய 12 மாதங்களில் உண்மையில் வசூலித்த சராசரி வாடகையை எடுத்து, அதில் 5 சதவீதத்தைக் கழித்து இந்த வரம்பு கணக்கிடப்படுகிறது. விடுதி வரி இதில் சேராது.

இந்தத் தொகை யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. தினப்படி வரம்பு, அரசு தன் ஊழியருக்குச் சொல்லும் வார்த்தை: “இதற்குள் தங்கினால் திருப்பித் தருவோம்” என்பது அதன் பொருள். விடுதிக்கு இடப்பட்ட கட்டளை அது அன்று. தினப்படி விலைக்கு அறை தரவேண்டிய கடமை எந்த விடுதிக்கும் இல்லை என்றும், தருவதும் தராததும் அந்தந்த விடுதியின் வணிக முடிவு என்றும் ஜி.எஸ்.ஏ. வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே, “இது எனக்கு அரசு கொடுத்த உரிமை” என்று வரவேற்பு மேசையில் வாதிடுகிற ஊழியர், அலுவல் பயணத்தில் வந்திருந்தாலும்கூட, இல்லாத ஒன்றைக் கோருகிறார்.

அப்படியானால் விடுதிகள் ஏன் தாமாக முன்வந்து அந்த விலையை வைக்கின்றன? அலுவல் பயணி பொதுவாக வரம்புக்கு மேல் போக முடியாதவர் என்பது விடுதிக்குத் தெரியும். வரம்பு 110 டாலராக இருக்கும் ஊரில் 140 டாலர் கேட்டால், அவர் அடுத்த தெருவிலுள்ள விடுதிக்குப் போய்விடுவார். மறுபுறம், அரசுப் பயணிகள் வார நடுவில் வருகிறார்கள், ஆண்டு முழுவதும் வருகிறார்கள், பொருளாதாரம் தளர்ந்த காலத்திலும் ஓரளவு வந்துகொண்டே இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இல்லாத செவ்வாய், புதன் இரவுகளில் காலியாகக் கிடக்கும் அறைகளை நிரப்பும் இவர்களுக்காக, வரம்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ ஒரு விலையை விடுதி தன் கணினியில் பதிந்து வைக்கிறது. ஜி.எஸ்.ஏ. ‘ஃபெட்ரூம்ஸ்’ என்ற பெயரில் நடத்திய திட்டமும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். இந்த விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் ஊழியர்மீது விடுதிக்கு உள்ள பரிவு அன்று. அவர் அலுவலாக வந்திருக்கிறார், அவர் செலவை வரம்புக்குட்பட்டு அரசு ஏற்கிறது என்பதே காரணம். இந்த விலையின் நிபந்தனைப் பகுதியில் பெரும்பாலும் ‘அலுவல் பயணத்துக்கு மட்டும்’ என்ற சொற்கள் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது வகை முற்றிலும் வேறு. சில நிறுவனங்கள் அரசு ஊழியர்களின் சொந்தப் பயணத்துக்கென்றே தனியாக ஒரு தள்ளுபடியை வைத்திருக்கின்றன. இது தினப்படியோடு தொடர்பற்றது. அன்றைய பொது வாடகையில் ஒரு சிறு சதவீதம் குறையும், அவ்வளவே. வாகன ஓட்டிகள் சங்கத்துக்கோ ஓய்வுபெற்றோர் சங்கத்துக்கோ தரும் சலுகையின் இனத்தைச் சேர்ந்தது. நிலையான வருமானமுள்ள ஒரு பெரிய மக்கள் தொகுதியைத் தம் பக்கம் இழுக்கும் விளம்பர உத்தி என்று இதைச் சொல்லலாம். சொந்தப் பயணத்துக்குச் செல்லும் என்று நிபந்தனையிலேயே எழுதியிருக்கும்போது, இதை எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இவ்விரண்டுக்கும் அப்பால், எந்தப் பட்டியலிலும் இல்லாமல், தொலைபேசியில் கேட்டால் மேலாளர் தன் விருப்பப்படி தரும் விலையும் உண்டு. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை உள்ளூர் உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. பெயரை மட்டும் உரிமக் கட்டணம் கொடுத்துப் பெற்றிருப்பார்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒரு விடுதி சொந்தப் பயணத்துக்கும் அரசு விலையைத் தருவதும், பத்து மைல் தள்ளியுள்ள மற்றொன்று அலுவலகம் தந்த பயண ஆணையைக் காட்டச் சொல்வதும் இதன் விளைவே.

இனி, அடையாள அட்டை பற்றிய வாதத்துக்கு வரலாம். வரவேற்பு மேசையில் பெரும்பாலும் அட்டையை மட்டும்தான் கேட்கிறார்கள், பயண ஆணையைக் கேட்பதில்லை. எனவே அட்டை இருந்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அட்டை சொல்வது வந்தவர் யார் என்பதை மட்டுமே. அவர் எதற்காக வந்தார் என்பதை அது சொல்வதில்லை. ‘அலுவல் பயணத்துக்கு மட்டும்’ என்று எழுதியுள்ள விலையைத் தேர்ந்தெடுப்பதே, “நான் அலுவலாக வருகிறேன்” என்று சொல்வதற்குச் சமம். சரிபார்க்கப்படாத கூற்று என்பதால் அது கூற்று இல்லை என்று ஆகிவிடாது. “அறை எப்படியும் காலியாகத்தானே கிடக்கும், விடுதிக்கு என்ன நட்டம்” என்று சொல்வோரை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். விடுதி எந்த அறையை எந்த விலைக்கு யாருக்குத் தரலாம் என்று முடிவு செய்வது விடுதியின் வேலை. அந்த முடிவை, தவறான தகவலின் பேரில் நாமே அவர்களுக்காக எடுத்துவிடுவதை வெறும் சிக்கனம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அரசின் பெயர் பொறித்த அட்டை அந்தத் தகவலுக்குச் சாட்சியாக நீட்டப்படும்போது, தனிமனிதரின் நம்பகத்தன்மையோடு அந்த அரசின் நம்பகத்தன்மையும் சேர்ந்தே தேய்கிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அரசு ஊழியர் பரிசு வாங்கக் கூடாது என்ற விதி இருக்கிறதே, தள்ளுபடியும் ஒருவகைப் பரிசு ஆகாதா என்ற ஐயம் நியாயமானது. 1978-இன் அரசு நெறிமுறைச் சட்டத்தால் உருவான அரசு நெறிமுறை அலுவலகம் வகுத்து, 1993 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நடத்தை விதிகள் இதற்கு நேரடியாக விடை சொல்கின்றன. பொதுமக்கள் எல்லோருக்கும் கிடைக்கும் சலுகை விலையும், அரசு ஊழியர் அனைவருக்குமோ சீருடைப் படையினர் அனைவருக்குமோ கிடைக்கும் சலுகை விலையும் ‘பரிசு’ என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. நாடு முழுவதுக்கும் இல்லாமல் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்து ஊழியர்களுக்கு மட்டும் தரப்பட்டாலும் அப்படித்தான். ஆக, சொந்தப் பயணத்துக்கான அரசு ஊழியர் தள்ளுபடியை வாங்கினால் நெறிமுறை மீறல் ஆகிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை.

அந்த விதியின் எல்லையையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் என்று இல்லாமல், இன்ன பணியைச் செய்பவர்களுக்கு மட்டும் அல்லது உயர் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு சலுகை குறுகும்போது நிலைமை மாறிவிடுகிறது. ஒரு விடுதியைச் சோதனையிடும் அதிகாரம் படைத்த அலுவலகத்தின் ஆய்வாளர்களுக்கு மட்டும் அந்த விடுதியே பாதி வாடகையில் அறை தந்தால், அதன் பெயர் தள்ளுபடி என்று இருந்தாலும் அது பரிசுதான். ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50 டாலர் என்ற சிறு பரிசு வரம்பு அப்போது குறுக்கே வரும். விடுதி அறையின் பாதி வாடகை அந்த வரம்பை ஓர் இரவிலேயே தாண்டிவிடும். பதவியைத் தனிப்பட்ட ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் தனியே இருக்கிறது. அட்டையைக் காட்டி, கேட்ட இடத்தில் இருக்கிற சலுகையைப் பெறுவது வேறு; அட்டையைக் காட்டி, இல்லாத சலுகையைத் தரும்படி நெருக்குவது வேறு. மேலும், இவையெல்லாம் கூட்டாட்சி ஊழியர்களுக்கானவை. மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களுக்கு அவரவர் மாநிலத்தின் விதிகள் பொருந்தும், அவை ஒன்றுபோல இருப்பதில்லை.

விடுதி விலையில் அரசு இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் விடுதிக்கும் விருந்தினருக்கும் இடையிலான வணிகம் என்பதே. அரசு தானே ஒப்பந்தக்காரராகவோ பணம் செலுத்துபவராகவோ இருக்கும் இடங்களில் கோடு மிகக் கண்டிப்பானது. விமான நிறுவனங்களோடு ஜி.எஸ்.ஏ. செய்துகொண்டுள்ள நகர இணை ஒப்பந்தக் கட்டணங்களை, அதாவது இரண்டு நகரங்களுக்கு இடையே அரசுக்கென்று பேசி வைத்த விமானக் கட்டணங்களை, சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துவது அரசின் பயண விதிகளிலேயே வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. 1998-இன் பயணச் சீர்திருத்தச் சட்டம் அலுவல் பயணச் செலவுகளுக்கு பணம் செலுத்துவதற்கான அரசுப் பயண அட்டையைக் கட்டாயமாக்கியது; அதே அட்டையில் சொந்த விடுமுறைக்கு அறை எடுத்தால், அட்டைக்கு வரும் கட்டணத்தை ஊழியரே கடைசிக் காசு வரை கட்டியிருந்தாலும், அது முறைகேடுதான், ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதுதான். சொந்தப் பயணத்துக்குச் சொந்த அட்டை என்பதில் விதிவிலக்கு இல்லை.

வரிவிலக்குதான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. சலுகை விலையோடு ஒட்டிக்கொண்டு வருவதால் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். கூட்டாட்சி அரசின்மீது மாநிலங்கள் வரி விதிக்க முடியாது என்ற கோட்பாடு, 1819-இல் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பிலிருந்து வருகிறது. அதன்படி, அரசின் பொதுக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் செலுத்தப்படும் அறைக்கு மாநில வரி கிடையாது. ஊழியரின் பெயரிலுள்ள பயண அட்டையில் செலுத்தினால் விலக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் இதற்கென எஸ்.டி.-129 என்ற சான்றுப் படிவம் இருக்கிறது; டெக்சாஸிலும் அலுவல் பயணத்தில் வரும் கூட்டாட்சி ஊழியருக்கு விடுதி வரி விலக்கு உண்டு, அதற்கும் படிவம் உண்டு. இந்தப் படிவங்கள் ஒவ்வொன்றிலும் ஊழியர் தம் கையெழுத்தால் உறுதி சொல்வது ஒன்றைத்தான்: “நான் அலுவல் கடமைக்காகத் தங்குகிறேன்.” வரவேற்பு மேசையில் இருப்பவர் அரசு விலை என்றவுடன் பழக்கத்தின் பேரில் இந்தத் தாளையும் சேர்த்து நீட்டக்கூடும். விடுமுறைக்கு வந்தவர் யோசிக்காமல் கையெழுத்திட்டால், விடுதியின் நிபந்தனையை மீறுவது என்ற நிலையிலிருந்து, மாநிலத்தின் வரித்துறைக்குப் பொய்ச் சான்று அளிப்பது என்ற நிலைக்கு அவர் ஒரே நொடியில் இறங்கிவிடுகிறார். சொந்தப் பயணத்துக்கு அரசு விலை கிடைக்கலாம். வரிவிலக்கு எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது.

அலுவலும் விடுமுறையும் ஒரே பயணத்தில் கலக்கும்போது கேள்வி நுணுக்கமாகிறது. வியாழனும் வெள்ளியும் கூட்டம். சனிக்கிழமை குடும்பம் வந்து சேர்கிறது. ஞாயிறு மாலை திரும்பப் போகிறார்கள். இது எவ்வகையிலும் தவறான ஏற்பாடு அன்று. அலுவல் நாள்களுக்கு மட்டும் தினப்படி. கூடுதல் நாள்களின் செலவு ஊழியருடையது. வெள்ளி, சனி இரவுகளுக்கும் அதே விலை செல்லுமா என்பதை விடுதியிடம் முன்பதிவின்போதே கேட்டுவிடலாம். ஏற்கெனவே தங்கியிருக்கும் விருந்தினர் என்பதால் பல மேலாளர்கள் இசைந்துவிடுவார்கள், சுற்றுலாப் பருவத்தின் வார இறுதியாக இருந்தால் மறுப்பார்கள். எந்த விலையானாலும் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனிக் கட்டண ரசீது போடச் சொல்லிப் பெறுவது நல்லது. அலுவல் இரவுகள் பயண அட்டையிலும், விலக்கு உள்ள மாநிலமானால் வரிவிலக்கோடும், சொந்த இரவுகள் சொந்த அட்டையிலும் வரியோடும் பிரிந்து நின்றால், பிற்பாடு செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளருக்குக் கேள்வி எதுவும் மிஞ்சாது.

அலுவல் பயணத்தால் சொந்தப் பயணத்துக்குக் கிடைக்கும் நேர்மையான ஆதாயம் ஒன்று உண்டு, அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அலுவலாகத் தங்கும் இரவுகளுக்கு விடுதிகள் தரும் உறுப்பினர் புள்ளிகள் முன்பு அரசுக்கே சொந்தம். ஊழியர் அவற்றைத் தொட முடியாது. 2001 டிசம்பர் 28-இல் கையெழுத்தான, 2002 நிதியாண்டுக்கான தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 1116-ஆம் பிரிவு இதை மாற்றியது. பொதுமக்களுக்குள்ள அதே நிபந்தனையில், அரசுக்குக் கூடுதல் செலவில்லாமல் கிடைத்த புள்ளிகளை ஊழியர் தாமே வைத்துக்கொண்டு சொந்தப் பயணத்துக்குச் செலவிடலாம். புள்ளிக்காக விலை கூடிய விடுதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. ஆண்டுக்குச் சில வாரங்கள் அலுவலாக வெளியூரில் தங்குகிறவருக்கு, இந்தப் புள்ளிகள் சேர்ந்து தரும் இலவச இரவுகள், சந்தேகத்துக்குரிய ஒரு தள்ளுபடியைவிட மதிப்பு மிக்கவை.

இராணுவத்தினருக்கு வேறொரு கதவும் திறந்திருக்கிறது. ஹொனலுலுவின் வைக்கீகி கடற்கரையிலுள்ள ஹலே கோவா, புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் இருக்கும் ஷேட்ஸ் ஆஃப் கிரீன், ஜெர்மனியின் கார்மிஷ் நகரிலுள்ள எடல்வைஸ், தென் கொரியாவின் சியோலிலுள்ள டிராகன் ஹில் ஆகியவை படையினரும் அவர்கள் குடும்பத்தினரும் ஓய்வெடுப்பதற்கென்றே நடத்தப்படும் விடுதிகள். இங்கே சொந்தப் பயணம் என்பது மறைக்க வேண்டிய காரணம் அன்று, அதுவே நோக்கம். ஹலே கோவாவிலும் ஷேட்ஸ் ஆஃப் கிரீனிலும் பதவி உயர உயர வாடகையும் உயரும். கீழ்நிலைச் சிப்பாய் குறைவாகக் கொடுத்து, தளபதி கூடுதலாகக் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. 2018-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, 2020 ஜனவரி 1 முதல் படைப்பணியால் உடற்குறை ஏற்பட்ட முன்னாள் படையினர் எல்லோருக்கும் இத்தகைய ஓய்வு வசதிகள் திறக்கப்பட்டன.

அரசுக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அரசு விலை தானாகக் கிடைக்காது. அலுவலாக வந்திருந்தாலும், தருவது விடுதியின் விருப்பம். ஓய்வுபெற்றவர்கள் நிலையும் அதுவே. ஊழியர் உடன் வராமல், அவர் பெயரில் பதிவு செய்த அறையில் உறவினர் மட்டும் தங்குவது சொந்தப் பயணத் தள்ளுபடியின் நிபந்தனைகளுக்கே பொருந்தாமல் போகக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு, அந்த விலை உண்மையிலேயே மலிவானதா என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தினப்படி வரம்பு முந்தைய ஆண்டின் சராசரியிலிருந்து வருவதால், அன்றைய சந்தை விலையோடு அது ஒட்டி ஓடுவதில்லை. கூட்டம் அலைமோதும் பருவத்தில் சந்தை விலை வரம்பைவிட மிக மேலே இருக்கும். அப்போது அரசு விலையில் பெரிய இலாபம் தெரியும், ஆனால் அதே காரணத்தால் அந்த நாள்களில் விடுதிகள் அந்த விலையையே மூடிவிடுகின்றன. கூட்டமில்லாத பருவத்தில் அரசு விலை தாராளமாகத் திறந்திருக்கும், ஆனால் விடுதியின் இலவச உறுப்பினர் விலையோ முன்பணம் கட்டும் விலையோ அதைவிடக் குறைவாக இருப்பது அரிதன்று. அரசு விலையின் மெய்யான பலம் பெரும்பாலும் அதன் தளர்வான இரத்து விதியில் இருக்கிறது. திட்டம் கடைசி நேரத்தில் மாறிவிடும் அலுவல் பயணிக்காக ஏற்பட்ட வசதி அது. தேதி உறுதியாகிவிட்ட குடும்பச் சுற்றுலாவுக்கு அந்த வசதியால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை.

நிபந்தனையில் தெளிவில்லாதபோது செய்ய வேண்டியது எளிது. மைய அழைப்பு எண்ணை விட்டுவிட்டு, அந்த விடுதிக்கே நேரடியாக அழைத்து, “நான் அரசு ஊழியர், இது என் சொந்த விடுமுறை, உங்கள் அரசு விலை எனக்குப் பொருந்துமா?” என்று கேட்டால் போதும். பொருந்தும் என்றால், சொன்னவரின் பெயரையும் தேதியையும் முன்பதிவுக் குறிப்பில் எழுதச் சொல்லலாம். போய்ச் சேர்ந்ததும் அட்டையைப் பார்க்கக் கேட்பார்கள், காட்டலாம். நகல் எடுக்க வேண்டும் என்று அட்டையை உள்ளே கொண்டுபோக முயன்றால் மட்டும் பணிவாக மறுக்க வேண்டும்: கூட்டாட்சி அரசின் அடையாள அட்டையை அனுமதியின்றிப் படியெடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 701-ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. வணிகச் சலுகைக்காக அட்டையை நகலெடுக்க விடக் கூடாது என்று படைத்தளங்கள் தம் படையினருக்கு அடிக்கடி நினைவூட்டுவதும் இந்தப் பிரிவைக் காட்டித்தான்.